கதவோரத்துப் பிரஸ்

பத்துப் பன்னிரண்டு வேலைகள் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒரே ஓர் இடத்தில்தான் என் பெயரைக் காகிதத்தில் எழுதினார்கள். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ரப்பர் கம்பெனி. லாரிக்கும் டிராக்டருக்கும் போடுகிற புஷ், வாஷர் செய்கிற இடம். அங்கே நான் வேலை பார்த்தது ஒன்பது மாதம். காகிதத்தில் அது எட்டு வருடமாக வளர்ந்து நின்றதை, பெங்களூரிலிருந்து ஒரு பெண் போன் செய்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"சார், அப்ளிகேஷன்ல கப்பலூர் கம்பெனியில ஒன்பது மாசம்னு போட்டிருக்கீங்க. ஏழு வருஷம் முன்னாடியே விட்டுட்டதா இருக்கு."

"ஆமாங்க."

"ஆனா நீங்க இன்னும் அங்கதான் வேலை பார்த்துட்டு இருக்கீங்க சார்."

"இல்லங்க. நான் இந்தா, அலங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்."

"போன மாசம் வரைக்கும் உங்க பேர்ல பி.எஃப். கட்டியிருக்காங்களே சார்" என்றார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. வேலைக்கு எடுப்பவர்களின் பழைய வேலைகளைச் சரிபார்க்கும் கம்பெனியில் இருப்பவர். ஒரு நாளைக்கு என்னைப் போல எத்தனை பேரைக் கூப்பிடுவாரோ. "ரெண்டும் ஒத்து வர்ற வரைக்கும் பென்டிங்ல வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எதிரே வந்து நின்ற பஸ்ஸில் நான் ஏறவில்லை. அது போன பிறகும் அங்கேயே நின்றிருந்தேன்.

அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. ரிங் ரோட்டில் புதிதாகக் கட்டிய பெரிய குடோன். சரக்கைத் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டவேண்டும். காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே விட்டுவிடுவார்கள். ஏழரைக்கெல்லாம் வீட்டில் இருக்கலாம். கேட்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எனக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மகள் புத்தகப் பையை எந்த இடத்தில் வைப்பாள் என்பது எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்ததே இல்லை.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். போர்வெல் லாரியில் சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று சுற்றியிருக்கிறேன். நாக்பூர் பக்கம் முறுக்குப் பிழிந்திருக்கிறேன். கோட்டயத்தில் பரோட்டா போட்டேன். புனேயில் ஒரு குடோனில் மூட்டை தூக்கப் போய், டிரைவர் சாப்பிடப் போகிற நேரத்தில் ஃபோர்க்லிஃப்டில் ஏறிப் பழகி, கடைசியில் அதற்கு லைசென்ஸும் வாங்கினேன். ராஜஸ்தானில் இரும்புக் குழாய் விழுந்து இடது கையில் ஒரு விரல் நுனி போனது. அங்கே வேலை பார்த்ததற்கு அந்த விரலைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. ஏன் ஓரிடத்தில் நிற்கவில்லை என்று கேட்டால் இவ்வளவுதான் சொல்லமுடியும். சில மாதம் ஆனால் கால் அரிக்கும். சாலையில் போகிற லாரியின் நம்பர் பலகையைப் படிக்கத் தொடங்குவேன். அப்புறம் ஒரு வாரம் தாங்கமாட்டேன்.

புனேயிலிருந்து நான் திரும்பியபோது மனைவி சண்டை எதுவும் போடவில்லை. கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் ஆயா வேலை பார்க்கிறாள் அவள். காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பவேண்டும். தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள். "திரும்பப் போறதுக்குன்னே வாரதா இருந்தா, வராமலே இருந்துக்கங்க. வந்து வந்து போறது இருக்கே, அதுதான் எங்களுக்கு முடியல."

அதன் பிறகுதான் குடோன் வேலைக்கு எழுதிப்போட்டேன். ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், ஓட்டிக் காட்டினேன். எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பழைய வேலை விவரம் சரிபார்த்து முடிந்தால்தான் சேர்க்கமுடியும், மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று குடோன் ஆபீஸ் பெண் சொல்லியிருந்தாள்.

கப்பலூரில் என் பெயரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது யார் என்று எனக்குத் தெரியும். என் மனைவியின் தம்பி. அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதே நான்தான்.

எங்கள் ஆட்களுக்கு முன்பு சொந்த நிலம் கிடையாது. நடவுக்கும் அறுப்புக்கும் கூட்டமாகப் போவார்கள். கூட்டத்தில் வீட்டுக்கு ஓர் ஆள். என் அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் சித்தப்பா போவார், அவருக்கும் முடியவில்லை என்றால் அத்தை போவாள். யார் வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். வரிசையில் ஓர் ஆள் குறையக்கூடாது, அவ்வளவுதான். இடம் வீட்டுக்குச் சொந்தம். ஏழு வருடத்துக்கு முன்னால் தை மாதத்தில், நாக்பூருக்கு முறுக்குப் போட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு நான் கிளம்பியபோது, மாமனார் சொன்னார்: "எடத்தக் காலியா விட்டுட்டுப் போகாதீங்க மாப்ள. தம்பி சும்மாதான இருக்கான்." எங்களுக்கு அது சரியாகத்தான் பட்டது.

மச்சினனைக் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

"ஒன்னய மாதிரி இவனும் ஓடிருவானா?" என்று கேட்டார் முதலாளி.

"மாட்டான் மொதலாளி."

"சரி. உள்ள வந்துட்டா இவன்தான் நீ. எவனாச்சும் செக்கிங்னு வந்தா ஒம் பேரச் சொல்லச் சொல்லு. புதுசா பேப்பரு, போட்டோன்னு ஆடிட்டர் ஆபீசுக்கு என்னால அலைய முடியாது."

மூன்று பேரும் சிரித்தோம். நான் அன்றே ரயில் ஏறினேன்.

அந்த ஷெட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். நீளமான தகரக் கொட்டகை. முன்பக்கம் மட்டும் ஒரு ஷட்டர். உள்ளே வரிசையாக எட்டுப் பிரஸ்கள். ரப்பரை அச்சில் வைத்து, சூட்டில் அழுத்தி, வெந்ததும் எடுத்துப் பிசிறு வெட்டவேண்டும். பிரஸ்ஸின் அனலும் தகரத்தின் அனலும் சேர்ந்து பின்சுவர்ப் பக்கம் நிற்கவே முடியாது. ஷட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் பிரஸ்ஸுக்கு மட்டும் சாலையிலிருந்து காற்று வரும். புதிதாக வருகிறவன் எட்டாவது பிரஸ்ஸில் தொடங்கவேண்டும். முன்னால் ஒருவன் போனால் எல்லோரும் ஓர் இடம் நகர்வார்கள். ரிஜிஸ்டரில் பழைய பெயர் யாருடையதோ அவனுக்குத்தான் கதவோரம். நான் எட்டாவதில் தொடங்கி ஆறாவது வரைக்கும் வந்தேன். அங்கிருந்து ஷட்டர் வழியாகப் பார்த்தால் நான்குவழிச் சாலையில் லாரிகள் போவது தெரியும். என் காலுக்கு அது போதுமானதாக இருந்தது.

பெங்களூர் போன் வந்த மறுநாள் கப்பலூர் போனேன். ஷட்டருக்குப் பக்கத்தில், முதல் பிரஸ்ஸில், மச்சினன் நின்றுகொண்டிருந்தான். இருபத்தொரு வயதில் விட்டுப்போனேன். இப்போது தொப்பை போட்டிருந்தான். அவன் சட்டையின் முதுகு காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் கூப்பிட வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து முதலாளி ஒரு பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். என் பெயர். நான் திரும்பினேன்.

"இந்தா வாரேன் மொதலாளி" என்றது அவன்.

பிறகுதான் என்னைப் பார்த்தான். இரண்டாவது பிரஸ்ஸில் இருந்தவர் பிசிறு வெட்டிக்கொண்டே சிரித்தார். "இப்ப எந்த ஆள வரச் சொல்றாருன்னு கேளுங்கப்பா. இவங் கல்யாணத்துக்கு நாங்க வேன் புடிச்சுப் போனோம்ணே. பாத்தா மண்டபத்து வாசல்ல ஃப்ளெக்ஸ்ல வேற பேரு. தப்பான மண்டபத்துக்கு வந்துட்டோம்னு திரும்பி, தெருமுக்கு வரைக்கும் போயிட்டோம்."

"மூஞ்சியப் பாக்க மாட்டீங்களா ஃப்ளெக்ஸ்ல?" என்றான் மச்சினன்.

"அந்த மேக்கப்புல ஒன்னய எவன் அடையாளம் கண்டான்?"

முதலாளி ரிஜிஸ்டரை எடுத்து மேசைமேல் போட்டார். நான் நின்றபடியே புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் என் பெயர். அதற்கு நேராக நீல மையில் டிக் அடித்திருந்தார்கள், மாதம் முழுக்க. மழைக்காலத்தில், தேர்தல் மாதத்தில், நான் ராஜஸ்தானில் விரலைக் கட்டிக்கொண்டு லாரியடியில் படுத்திருந்த அந்தக் கோடையில், எல்லாவற்றிலும் நான் வேலைக்கு வந்திருந்தேன். ஐந்து வருடம் முடித்ததற்குச் சுவர்க்கடிகாரம் பரிசாக வாங்கியிருந்தேன். தீபாவளிக்கு முதல் பெட்டி எனக்குத்தான் கொடுத்திருந்தார்கள். இப்படி ஒருவன் என் பெயரில் இருந்திருக்கிறான் என்று பார்க்கப் பார்க்க, அவனாக நான் இருந்திருக்கக்கூடாதா என்று இருந்தது.

"விலகுன தேதிய ஏழு வருசம் முன்னாடி போட்டுக் குடுங்க மொதலாளி. அதான நெசம்."

"நெசத்த எழுத முடியாதுப்பா. பின்னாடி தேதி போட்டா, அதுக்கப்புறம் கட்டுனது யாருக்குன்னு கம்ப்யூட்டரே கேக்கும். இந்த மாசத் தேதிதான் போடலாம். போட்டா நீ வெளிய. ஒம் மச்சினன் நாளைக்குப் புது ஆளு."

"புது ஆளுன்னா?"

அவர் பின்சுவர்ப் பக்கம் பார்த்தார். "பத்து வருசம் நின்னவன் ஒருத்தன், சண்ட போட்டுட்டுப் போயி மூணு மாசத்துல திரும்பி வந்தான். பேரு புதுசா ஏறுனா எடமும் புதுசுதான்னு கடைசியில போட்டேன். இப்ப நாலாவதுல நிக்கிறான். ஒம் மச்சினனுக்கு மட்டும் கதவக் குடுத்தா அவன் என்னய உரிச்சிருவான்."

மே மாதம் பாதி தாண்டியிருந்தது. எட்டாவது பிரஸ்ஸில் மே மாதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். "வேணாம் மொதலாளி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் மச்சினன் என்னைத் தேடிக்கொண்டு டீக்கடைக்கு வந்தான்.

"என்ன மச்சான், வேணாம்னுட்டீங்களாம்ல?"

"ஒனக்குக் காத்து வருதுல்ல மாப்ள. அதக் கெடுப்பானேன்."

"எம்புட்டுக் காத்து வந்துச்சு? பாதி லாரிப் பொகை." டீயை ஊதினான். "ஏழு வருசமா லீவே போடாம வேல பாத்திருக்கீங்க மச்சான். போதும், எறங்குங்க. நானும் எம் பேருல ஒரு நாளாச்சும் வேலைக்கு வாரேன்."

"கடைசிப் பிரஸ்ஸுடா."

"தெரியும்." டம்ளரை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னான். "அக்கா சாயங்காலம் பஸ்ஸ விட்டு எறங்கி, ரோட்டத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டேதான் வீட்டுக்கு நடக்கும். நீங்க ஊர்ல இல்லாதப்பவும் அப்படித்தான். எனக்கு அதப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு."

டீக்குக் காசு கொடுத்தேன். அவனே என்னைத் திரும்ப முதலாளியிடம் கூட்டிப்போனான். என் பெயரில் ஏறியிருந்த பி.எஃப். பணம் வந்ததும் அவன் கையில் கொடுத்துவிடவேண்டும் என்பதை நாங்கள் பேசிக்கொள்ளக்கூட இல்லை, அது அவனுடையது.

விலகிய தேதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டியது கே.கே. நகரில் இருக்கிற ஆடிட்டர் ஆபீஸ். அங்கே போனால் சார் வெளியூர் போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாள் போனால் சர்வர் வேலை செய்யவில்லை. அதற்கடுத்த நாள், ஆதாரில் இருக்கிற பழைய போன் நம்பருக்கு ஓ.டி.பி. போய்விட்டது. அந்த நம்பர் கோட்டயத்தில் தொலைந்தது. அதை மாற்ற ஒரு நாள். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. சரிபார்ப்பு எதுவரை வந்திருக்கிறது என்று காட்டுகிற பக்கம் ஒன்று என் போனில் உண்டு, திறந்தால் என் பெயருக்கு நேராக மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டை காட்டும். காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பேன்.

ஆனால் அந்த நாட்களைத்தான் இப்போதும் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். மனைவி வேலை பார்க்கிற கிளினிக் ஆடிட்டர் ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. முதல் நாள், வெயிலில் எங்கே போவது என்று தெரியாமல் அதன் வாசலில் போய் நின்றேன். அவள் என்னவோ ஏதோ என்று பதறி வெளியே வந்தாள். பிறகு கிளினிக்கின் பின்பக்கப் படியில் உட்கார்ந்து, அவள் டப்பாவில் இருந்த புளிச்சோற்றை மூடியில் பாதி வைத்துக் கொடுத்தாள். மறுநாள் பெரிய டப்பாவாகக் கொண்டுவந்திருந்தாள். ஊறுகாய்க்குத் தனியாக ஒரு சின்னக் கிண்ணம்.

"இன்னைக்கும் பென்டிங்கா?" என்பாள் நான் வந்ததும்.

"பென்டிங்தான்."

"அப்ப நாளைக்கும் வருவீங்க."

"வரணும்ல."

பதினான்கு வருடத்தில் நாங்கள் மத்தியான வேளையில் சேர்ந்து சாப்பிட்டது அந்த ஐந்து நாட்கள்தான். கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுகிற சத்தம் கேட்கும். தெருவில் ஷேர் ஆட்டோக்கள் போகும். இந்த வேலை எனக்குக் கிடைத்துவிடவேண்டும் என்றும் இருந்தது, அந்த சர்வர் இன்னும் ஒரு நாள் படுத்துக்கிடக்கட்டும் என்றும் இருந்தது. நான்காவது நாள் அவள் டப்பாவைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"தம்பி கடைசிக்குப் போயிருச்சாம்ல?"

"நேத்தே போயிட்டான்."

தண்ணீரை உதறினாள். "அது ஏழு வருசம் நின்னுருச்சு. நீங்க நில்லுங்க பாப்போம்."

ஐந்தாவது நாள் தேதி ஏறியது. முதலாளி ஒரு கடிதமும் கொடுத்தார். பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். நேரம் தவறாதவர், தேவையில்லாமல் விடுப்பு எடுக்காதவர், உடன் வேலை பார்ப்பவர்களிடம் அனுசரணையானவர் என்று எழுதியிருந்தது. மேலே என் பெயர். மாட்டுத்தாவணி வருவதற்குள் அதை நாலைந்து தடவை படித்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து பெங்களூர்ப் பெண் மறுபடி கூப்பிட்டார். "இப்ப ரெக்கார்டு ஓகே சார். ஆனா உங்க அப்ளிகேஷன்ல வேற வேற ஊர்ல வேலை பார்த்ததா போட்டிருக்கீங்க. அதுக்கெல்லாம் ப்ரூஃப் இருக்கா?"

"இல்லங்க."

"அப்ப அதையெல்லாம் எடுத்துட்டு, கப்பலூர் ஒண்ணு மட்டும் எட்டு வருஷம்னு திருத்தி கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. இல்லன்னா இன்னும் லேட் ஆகும்."

அலங்காநல்லூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வைத்து அந்தத் தாளை நிரப்பினேன். நாக்பூரை அடித்தேன். கோட்டயத்தை அடித்தேன். ராஜஸ்தானை அடிக்கும்போது கை நின்றது. அங்கே ஒரு ஊரில் இரண்டு நாள் துளையிட்டும் புழுதிதான் வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் தண்ணீர் பீறிட்டபோது, முக்காடு போட்ட பெண்கள் குடத்தோடு ஓடிவந்து எங்கள் தலையிலேயே தண்ணீரை ஊற்றினார்கள். அது நடந்தது. நான் அங்கே இருந்தேன். அதை அடித்துவிட்டு, அந்த ஏழு வருடமும் கப்பலூரை விட்டு நான் எங்கேயும் போகவில்லை என்று கையெழுத்துப் போட்டேன். பொய்தான். மச்சினனின் ஏழு வருடம் எனக்கு வந்தது. என் ஏழு வருடம் யாருக்கும் இல்லாமல் போனது.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் மஞ்சள் பட்டை பச்சையானது. சேரப் போனபோது ஆபீஸ் பெண் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "ஒரே எடத்துல எட்டு வருசமாண்ணே! இப்பல்லாம் யாருண்ணே இப்படி இருக்கா" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

இப்போது பதினொரு மாதம் ஆகிறது. இதற்கு முன்னால் எங்கேயும் நான் இத்தனை நாள் நின்றதில்லை. குடோனில் லாரி வந்து அணைகிற வாசலில்தான் என் வேலை. பெரிய ஷட்டர்கள், எப்போதும் திறந்தே இருக்கும். முதல் நாளிலிருந்தே எனக்குக் காற்று வந்துகொண்டிருக்கிறது. குஜராத் நம்பர், ராஜஸ்தான் நம்பர் என்று வண்டிகள் வருகின்றன. டிரைவர்கள் இறங்கிச் சோம்பல் முறிப்பார்கள். அவர்களுடைய பேச்சு எனக்குப் புரியும். சரக்கை இறக்கியதும் கிளம்பிவிடுவார்கள். ஃபோர்க்லிஃப்டின் முள்ளைச் சரக்குப் பலகைக்கு அடியில் விட்டபடி, வண்டி ரிங் ரோட்டில் ஏறித் திரும்புகிற வரை பார்ப்பேன். கால் இன்னும் அரிக்கத்தான் செய்கிறது.

போன மாதம் எனக்கு லீவான ஒரு நாளில் கப்பலூர் போய் வந்தேன். ஷட்டர் பக்கம் இப்போது அந்த ஃப்ளெக்ஸ் கதை சொன்னவர் நிற்கிறார். மச்சினனைப் பார்க்க உள்ளே கடைசி வரைக்கும் நடக்கவேண்டியிருந்தது. பாதி தூரத்திலேயே எனக்கு வேர்த்துவிட்டது. பனியனைக் கழற்றித் தோளில் போட்டிருந்தான்.

"ஒரு எடம் முன்னாடி வந்துட்டேன் மச்சான். இப்ப ஏழாவது" என்றான். பிறகு சிரித்தான். "பேருதான் பிரச்சன. எம் பேரச் சொல்லிக் கூப்புட்டா எவனையோ கூப்புடுறாங்கன்னு நின்னுருறேன்."

"எனக்கும் அப்படித்தான்டா."

"நீங்க நிக்கிறீங்கள்ல அங்க?"

"நிக்கிறேன்."

அவன் அச்சைத் திறந்து வெந்த ரப்பரைத் தட்டி எடுத்தான். அங்கிருந்து ஷட்டரைப் பார்த்தேன். தூரத்தில் ஒரு வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தது. அவன் அங்கே போய்ச் சேர இன்னும் ஆறு பேர் நகரவேண்டும். அதற்கு மூன்று வருடமோ நான்கு வருடமோ. அதுவரைக்கும் நான் எங்கேயும் போகமுடியாது என்று அந்த அனலில் நின்றபடி நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மகள் எனக்கு முன்னால் வந்திருந்தாள். பையை அவள் ஆணியில் மாட்டுவதில்லை. வாசல்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றும்போது கதவுக்குப் பின்னால் சாய்த்து வைக்கிறாள். கதவை முழுசாகத் திறந்தால் இடிக்கும். பாதி திறந்து உள்ளே போனேன்.